ஆயிடும் அக்காவும் தலைவர் சொன்ன நன்றியும்

புதுத் தலைவர் பதவியேற்றுப் பேசிய அன்று எங்கள் ஓய்வறை டிவியில் படம் இருந்தது, சத்தம் இல்லை. அதன் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் சத்தம் வரும், படம் போய்விடும். இரண்டும் சேர்ந்து வந்ததை நான் பார்த்ததே கிடையாது. பேச்சுதானே, காது இருந்தால் போதும் என்று தட்டிவிட்டு உட்கார்ந்தோம்.

எனக்கு அந்தப் பேச்சைக் கேட்கும் ஆசை ஒன்றும் இல்லை. முதல் நாள் எல்லாரும் நன்றாகத்தான் பேசுவார்கள். கல்யாணத்துக்கு முன்னால் எந்த மாப்பிள்ளை குறட்டை விட்டிருக்கிறான்? சாப்பாட்டு நேரம், காலை நீட்ட ஓர் இடம் வேண்டும், அதற்காகத்தான் நான் அங்கே இருந்தேன். பக்கத்தில் ஆயிடும் அக்கா சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல், இருண்டு கிடந்த டிவியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆயிடும் அக்கா என்பது நாங்கள் வைத்த பெயர். மிஷின் நின்றால், ஆயிடும். சம்பளம் தள்ளிப்போனால், பார்ப்போம், ஆயிடும். ஒரு மழைக்காலத்தில் கூடத்துக்குள் கணுக்கால் அளவு சாக்கடைத் தண்ணீர் வந்து நின்றபோதுகூட, வாளியால் மொண்டு ஊற்றிக்கொண்டே அதைத்தான் சொன்னாள். அவள் என்னை மிளகா என்று கூப்பிடுவாள். ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை, இன்னும் கொஞ்சம் படித்தால் தானே தெரியும்.

நாங்கள் வேலை பார்ப்பது ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக் கூடத்தில். கட்டடத்துக்கு அடியில், வாகனம் நிறுத்துகிற இடத்துக்கும் கீழே. மேலே எத்தனை மாடியோ அத்தனை மாடியின் அழுக்கும் எங்களிடம்தான் இறங்கி வரும். விரிப்பு, உறை, டாக்டர்கள் போடும் பச்சை உடுப்பு, குழந்தையைச் சுற்றுகிற துணி. வெள்ளைப் பையில் வந்தால் சாதாரண அழுக்கு, பிரித்துப் பார்த்துப் போடலாம். சிவப்புப் பையில் வந்தால் தொற்று நோய் வார்டு. அதைக் கையால் தொடக் கூடாது, திறக்கக் கூடாது. பையோடு தூக்கிக் கொதிநீர் மிஷினில் போட வேண்டியது, பை வெந்நீரில் தானே கரைந்துவிடும், உள்ளே இருப்பது மருந்துத் தண்ணீரில் வெந்து வெளுத்து வெளியே வரும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இந்தப் பாடத்தை நடத்துவார் எங்கள் சூப்பர்வைசர். எதைக் கேட்டாலும் "மேலிடத்துல சொல்றேன்" என்பார் என்பதால் அவருக்கு மேலிடம் என்று பெயர்.

துவைத்த துணியைப் பிழிவதற்கென்று ஒரு மிஷின் இருக்கிறது. இருக்கிறது என்றால், மூலையில் நிற்கிறது. அது பழுதாகி ஒரு தலைவர் போய் இன்னொரு தலைவர் வந்துவிட்டார். பிழியாத துணியை உலர்த்தும் மிஷினில் போட்டால் அது மூச்சு முட்டி நின்றுவிடும். அதனால் மாடு மாதிரி கனக்கிற ஈர விரிப்பை இரண்டிரண்டு பேராக நின்று நாங்கள் கையால் பிழிகிறோம். ஒருத்தி ஒரு முனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும், மற்றவள் அடுத்த முனையை முறுக்க வேண்டும். பிடிக்கிறவள், முறுக்குகிறவள் என்று எங்களுக்குள் பேர். பிடிக்கிறவளுக்கு இடுப்பு போகும். முறுக்குகிறவளுக்கு மணிக்கட்டு போகும்.

ஆயிடும் அக்கா பல வருஷமாக முறுக்குகிறவள். அவளுக்குப் பிடிக்கிறவள் நான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துவைத்த துணி தரையில் பட்டால் அவளுக்குத் தாங்காது. பட்டதைத் திரும்பத் துவைக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அவள் விதிக்காகச் செய்யவில்லை. யாரோ ஒரு நோயாளி, எழுந்து உட்கார முடியாதவர், அதில்தானே முகத்தை வைத்துப் படுக்கப் போகிறார் என்பாள். ஒரு முனை நழுவினால் போதும், கிழங்கைக் கண்ட பெருச்சாளி மாதிரி பாய்ந்து எடுப்பாள். எங்களில் யாராவது பார்க்காததுபோல் இருந்துவிட்டால் அன்று முழுக்கப் பேச மாட்டாள். அவள் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு விஷயத்தில்தான்.

பேச்சுக்கு வருகிறேன். தலைவர் நாட்டைப் பற்றிச் சொன்னார், வறண்ட கஜானா பற்றிச் சொன்னார், நான் பாதி தூங்கிவிட்டேன். பிறகு நன்றி சொல்ல ஆரம்பித்தார். பேருந்து ஓட்டுகிறவர்கள், சாலை போடுகிறவர்கள் என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்தவர், திடீரென்று எங்களிடம் வந்தார். நம் மருத்துவமனைகளில் நோயாளி படுக்கும் விரிப்பைத் துவைத்துத் தருகிறவர்களை நாம் பார்த்ததே இல்லை, பார்க்காததற்கு மன்னிப்பும் செய்த வேலைக்கு நன்றியும் சொல்கிறேன், உங்கள் குறையைச் சொல்லுங்கள், கேட்பதற்குத்தான் வந்திருக்கிறேன் என்றார்.

அவ்வளவுதான். அடுத்த மூச்சில் மீனவர்களிடம் போய்விட்டார்.

அக்கா எழுந்து நின்றுவிட்டாள். படமில்லாத டிவிக்கு முன்னால், ஈரக் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு, ஏதோ பெரியவர் வாசலுக்கு வந்துவிட்ட மாதிரி நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"நம்மளச் சொன்னாங்கடி மிளகா," என்றாள். "பேர் சொல்லல. ஆனா நம்மளத்தான் சொன்னாங்க."

சர்க்கரை என்று எழுதி நக்கினால் இனிக்குமா அக்கா, சாப்பிட்டு முடி, மணி ஆகிறது என்று நான் சொன்னேன். சொன்னேனே தவிர அப்புறம் மீனவர்களைப் பற்றி அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. அந்தக் கட்டடத்தில் எங்களைத் துணி வரவில்லை என்று திட்டத்தான் ஆட்கள் இருக்கிறார்கள். துணி வந்தது என்று சொன்னவர் அதுவரை ஒருவரும் இல்லை. அதை எல்லாம் காட்டிக்கொண்டால் நான் மிளகா இல்லை, அதனால் டப்பாவைக் கழுவப் போனேன்.

அன்று அவள் ஏன் அப்படி அழுதாள் என்பது எனக்கு மறுநாள் காலையில்தான் புரிந்தது. உடுப்பு மாற்றும்போது அவளுடைய பின்னலைப் பார்த்தேன். கோணல் மாணலாக, வலது பக்கம் புடைத்து, முடிச்சு முடிச்சாக இருந்தது. யார் அக்கா பின்னினது, எலியா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, வீட்டுக்காரர் என்றாள். அவளுடைய வீட்டுக்காரர் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர். ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்ததில் இருந்து வீட்டோடு இருக்கிறார். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு ரேடியோ, படிக்கிற மகள். அடுப்பு அவர் பொறுப்பு, சம்பாத்தியம் இவள் பொறுப்பு. தலை பின்னுகிற பொறுப்பும் அவருக்கு எப்போது போனது?

கையைக் காட்டச் சொன்னேன். காட்ட மாட்டேன் என்றாள். பிடித்து இழுத்தேன், முகம் சுருங்கிப் போயிற்று. வலது மணிக்கட்டு வீங்கி, கட்டை விரலுக்குக் கீழே பளபளவென்று இருந்தது. மாடியிலேயே ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். இனிமேல் இந்தக் கையால் எதையும் முறுக்கக் கூடாது, மீறினால் டம்ளர்கூடப் பிடிக்க முடியாமல் போய்விடும் என்று சொல்லியிருக்கிறார். இவள் சரி என்று தலையாட்டிவிட்டு நேராகக் கீழே வந்து விரிப்பை முறுக்கியிருக்கிறாள். வேறு என்ன செய்வாள்? எங்களுக்குச் சம்பளம் கொடுப்பது காண்ட்ராக்டர். பிழிய முடியாதவளை அவர் அடுத்த நாள் வாசலோடு அனுப்பிவிடுவார், அப்படிப் போனவர்கள் உண்டு.

"மிஷின் மட்டும் ஓடிட்டா போதும்," என்றாள். "தலைவரே கேக்குறேன்னு சொல்லிட்டாரு. ஆயிடும்."

அன்றிலிருந்து இடம் மாறினோம். நான் முறுக்குகிறவள், அவள் பிடிக்கிறவள். இடது கையில் இறுக்கி, வலது முழங்கையால் அணைத்து, எப்படியோ பிடித்து நிற்பாள். மேலிடம் கேட்டால் எனக்கு இடுப்பு வலி, அதனால் மாற்றிக்கொண்டோம் என்று சொல்ல வேண்டும் என்று பேசி வைத்துக்கொண்டோம். என் மணிக்கட்டும் இரும்பு இல்லை. ஆனால் எனக்கு வயது குறைவு, வாய் அதிகம், சமாளித்துக்கொள்வேன்.

அக்கா மேலிடத்திடம் போய்க் கேட்டாள். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்று நான்தான் தள்ளி விட்டேன். தலைவர் எங்களைப் பற்றிப் பேசினாரே, பிழிகிற மிஷினைச் சரிசெய்து கொடுத்தால் நன்றாயிருக்கும் என்று மெல்லச் சொன்னாள். மேலிடத்தின் முகம் மலர்ந்தது. பேச்சை அவரும் கேட்டிருக்கிறார், மருத்துவமனையே கேட்டிருக்கிறது, உங்களுக்காகப் பெரிதாக ஒன்று செய்யப் போகிறோம், மேலிடத்தில் பேசிவிட்டேன் என்றார். எப்போதும் சொல்றேன் என்பவர் பேசிவிட்டேன் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்த ஒரு வாரம் நானே கொஞ்சம் ஏமாந்துதான் போனேன். மூலையில் நின்ற மிஷினின் தூசியை அக்கா துடைத்து வைத்தாள். விருந்தாளி வருவதற்கு முன்னால் நாற்காலியைத் துடைக்கிற மாதிரி.

ஒரு பேனர் வந்தது.

இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நீளத் துணி, ஓரத்தில் கயிறு மாட்டப் பித்தளை வளையங்கள், நடுவில் தலைவர் சொன்ன நன்றி கொட்டை எழுத்தில். ஏணி வைத்து மாட்டினார்கள். எங்கள் கூடத்தில் குழாய் ஓடாத சுவர் ஒன்றே ஒன்றுதான். அதில்தான் நீராவியை வெளியே தள்ளுகிற விசிறி இருக்கிறது. பேனரைச் சரியாக அதன்மேல் மாட்டினார்கள். விசிறி சுற்றினால் தலைவரின் நன்றி படபடவென்று அடித்துக்கொள்கிறது, படம் எடுக்க முடியவில்லை என்று விசிறியை நிறுத்தியும் விட்டார்கள்.

அன்றிலிருந்து கூடம் வெந்தது. நீராவி போக வழியில்லை. வியர்வை கண்ணுக்குள் ஓடி, எதிரில் நிற்கிற அக்காவின் முகம்கூடத் தெரியாமல் முறுக்கினேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் துணியைக் கிழித்துத் தரை துடைக்கப் போட்டிருப்பேன். அக்கா விடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அதற்கு நேராக உட்கார்ந்து வாசிப்பாள், உதடு மட்டும் அசையும். உனக்கு மூச்சு முட்டவில்லையா என்றால், முட்டுகிறதுதான், அதற்காக நமக்குச் சொன்ன நன்றியைக் கழற்றிக் கீழே போடுவார்களா என்பாள். இப்படி ஒரு பெண்பிள்ளையோடு நான் என்ன சண்டை போடுவது? அவளுடைய வீட்டுக்காரர்கூட ஒரு நாள் என்னிடம் சொன்னார், பேனரைப் போட்டுக்கொண்டு படுத்தால் குளிருக்காவது உதவும் என்று. அதற்கும் அவள் சிரித்தாள்.

மிஷின் பற்றிக் கேட்டால், பேனர் வந்துவிட்டதே என்றார் மேலிடம். ஒன்று வந்தால் இன்னொன்று வராதாம்.

பிறகு ஒரு செய்தி வந்தது. தலைவரின் அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருகிறார், தலைவர் குறிப்பிட்ட தொழிலாளர்களை அவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே பார்க்கப் போகிறார், ஒருவர் அவரிடம் பேசலாம். யார் பேசுவது என்றதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மேலிடம் அவசரமாக அக்காவைக் கைகாட்டினார். என் வாய் அவருக்குத் தெரியும்.

அக்கா ஒத்திகை பார்த்த அழகை என்னவென்று சொல்வது. துணி பிழிந்துகொண்டே பார்ப்போம், நான்தான் அதிகாரி. "ஐயா, முதல்ல தலைவருக்கு எங்க நன்றி," என்று தொடங்குவாள். அப்புறம் அதிகாரிக்கு நன்றி, மருத்துவமனைக்கு நன்றி, காண்ட்ராக்டருக்கு நன்றி. ஆறு விரிப்பு பிழிந்து முடித்தாலும் மிஷின் பக்கம் வர மாட்டாள். நான் கத்துவேன். முதலில் மிஷின், அப்புறம் நன்றி. வந்தவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் நிற்பார், உன் நன்றி முடிவதற்குள் காரில் ஏறிவிடுவார். சரி சரி என்று தலையாட்டுவாள், திரும்பத் தொடங்குவாள், ஐயா முதல்ல தலைவருக்கு எங்க நன்றி. அவளைத் திருத்துவது கல்லில் நார் உரிக்கிற வேலை.

"வந்து நிக்கிறவங்ககிட்ட எடுத்த எடுப்புல குறை சொல்றதா?" என்றாள் ஒரு நாள். "அவங்க மனசு கோணிடுச்சுன்னா?"

"உன் கை கோணிடுச்சே அக்கா," என்றேன். அதற்கு அப்புறம் அவள் ஒத்திகையில் காண்ட்ராக்டரை விட்டுவிட்டாள்.

அதிகாரி வருகிற நாள் வந்தது. காலையில் நாங்கள் உள்ளே நுழைந்தபோது பேனரைக் காணவில்லை, விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஆஹா, நல்ல காற்று. யாரோ புண்ணியவான் கழற்றிவிட்டான் என்று நினைத்தேன். அக்கா மட்டும் அந்தச் சுவரைப் பார்த்துப் பார்த்துத் தவித்தாள். மேலிடத்தைக் கேட்கலாம் என்றால் அவர் வாசலில் கம்பளம் விரித்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால் பைகள் குவிந்து கிடந்தன. வெள்ளையைப் பிரித்தோம். சிவப்பைத் திறக்காமல் பையோடு தூக்கிக் கொதிநீர் மிஷினில் போட்டோம். தினமும் செய்வதுதான்.

மிஷின் ஓய்ந்ததும் உள்ளே கைவிட்டு இழுத்தேன். விரிப்பு வந்தது, உறை வந்தது. பிறகு ஒன்று வந்தது, வந்துகொண்டே இருந்தது. எந்தக் கட்டிலுக்கு இவ்வளவு நீள விரிப்பு என்று நான் முனையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். சரி, பிழிவோம் என்று முறுக்கத் தொடங்கினோம். முறுக்கும்போது கையில் ஏதோ குத்தியது. பித்தளை வளையம்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

நடந்தது இதுதான். நீராவியில் தொங்கித் தொங்கிப் பேனரில் பூஞ்சை பிடித்துவிட்டது. முந்தின நாள் நாங்கள் வீட்டுக்குப் போன பிறகு மேலிடம் அதைக் கவனித்து, அவரே கழற்றி, காலையில் முதல் வேலையாகத் துவைக்கச் சொல்லலாம் என்று கைக்கு அகப்பட்ட ஒரு பையில் திணித்து வைத்திருக்கிறார். அகப்பட்டது சிவப்புப் பை. சிவப்பைத் திறக்காதே என்று எங்களுக்கு மந்திரம் ஓதிய மனுஷன்.

மலிவுச் சாயம். கொதியிலும் மருந்திலும் ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை. நன்றியும் போயிற்று, மன்னிப்பும் போயிற்று. துணி மட்டும், எங்கள் வேலையை நாங்களே மெச்சிக்கொள்ளலாம், பால் வெள்ளை. பூஞ்சையும் இல்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். இறந்தவர் முகத்தைப் பார்ப்பதுபோல் அதைத் தடவிப் பார்த்தாள்.

மேலிடம் ஓடி வந்தார், பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டு அழுக்குப் பைகள் மேலேயே உட்கார்ந்துவிட்டார். யாரைத் திட்டுவது? திட்ட ஆரம்பித்தால் முதலில் அவரையே திட்ட வேண்டும். அதிகாரியின் கார் வந்துவிட்டதாக மேலே இருந்து சொல்லி அனுப்பினார்கள். வேறு வழியில்லாமல் விசிறியை நிறுத்தி, ஈரம் சொட்டச் சொட்ட அந்த வெள்ளைத் துணியையே சுவரில் மாட்டினார்.

அதிகாரி நல்ல மனுஷராகத்தான் தெரிந்தார். கூட ஒரு போட்டோக்காரர். உள்ளே நுழைந்ததும் அதிகாரிக்குக் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது, துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். சுவரில் தொங்கிய வெள்ளைத் துணியைப் பார்த்து, இதில் தலைவர் வாசகம் இருப்பதாகச் சொன்னார்களே என்றார். மேலிடம் வாய் திறப்பதற்குள் அக்கா முன்னால் வந்தாள். எழுத்து வெளுத்துப் போச்சுங்க, எனக்கு மனப்பாடமாத் தெரியும் என்று சொல்லிவிட்டு, அந்த வெற்றுத் துணியைப் பார்த்துக்கொண்டே ஒரு சொல் பிசகாமல் முழுவதையும் சொன்னாள். கேட்பதற்குத்தான் வந்திருக்கிறேன் என்ற இடத்தில் குரல் உடைந்தது. அதிகாரிக்கே கண் கலங்கிவிட்டது. எல்லாரும் கைதட்டினார்கள்.

"ஐயா, முதல்ல தலைவருக்கு எங்க நன்றி," என்று தொடங்கினாள் அக்கா.

நான் பல்லைக் கடித்தேன். தலைவருக்கு ஆயிற்று, அதிகாரிக்கு ஆயிற்று, மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் நினைத்த மாதிரியே அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். ரொம்ப சந்தோஷம்மா, இதை அப்படியே தலைவரிடம் சொல்கிறேன் என்று கும்பிட்டுவிட்டார். அவ்வளவுதான், முடிந்தது. வாய்க்குள் இருந்த மிஷின் வாய்க்குள்ளேயே நின்றுபோயிற்று. அந்த நிமிஷம் எனக்கு அவள்மேல் வந்த கோபம், காண்ட்ராக்டர்மேல்கூட வந்ததில்லை.

கிளம்பும்போது போட்டோக்காரர்தான் நிறுத்தினார். சும்மா நிற்கிற படம் வேண்டாம், வேலை செய்கிற மாதிரி ஒன்று எடுத்துக்கொள்வோம் என்றார். பிழிகிறதைக் காட்டலாம் என்று மேலிடம் ஆர்வமாக ஓர் ஈர விரிப்பை எடுத்து நீட்டினார். நாங்கள் வழக்கம்போல நின்றோம், அக்கா பிடிக்கிறவள், நான் முறுக்குகிறவள். போட்டோக்காரர் தலையை ஆட்டினார். மனப்பாடமாகச் சொன்ன அம்மா சும்மா பிடித்துக்கொண்டு நிற்கிறார்களே, அவர்களே முறுக்கட்டும், படத்தில் அவர்கள் முகம் வேண்டும் என்றார்.

நான் அக்காவைப் பார்த்தேன். வேண்டாம் என்று நான் சொல்லலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், பக்கத்திலேயே மேலிடம் நிற்கிறார், இவ்வளவு நாள் மறைத்ததெல்லாம் வெளியே வரும், நாளைக்கு அவள் வாசலோடு போக வேண்டியதுதான். அக்கா கண்ணால் என்னை அடக்கினாள். முனையை வலது கையில் வாங்கினாள்.

முறுக்கினாள். ஒரு சுற்று. படம் எடுத்தார். அழகாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள், தண்ணீர் சொட்ட வேண்டும் என்றார். இரண்டாவது சுற்றில் அவளுடைய உதடு வெளுத்தது. மூன்றாவது சுற்றில் மணிக்கட்டு மடங்கியது. எனக்குச் சத்தம் கேட்டது, அல்லது கேட்டதாக நான் நினைத்துக்கொண்டேன். விரிப்பு அவள் கையை விட்டுச் சுழன்று பிரிந்து தரையில் விழுந்தது.

என் முனை இன்னும் என் கையில் இருந்தது. அதையும் விட்டேன்.

மேலிடம் முந்திக்கொண்டு, வழுக்கிவிட்டது சார், ஈரம் என்றார். போட்டோக்காரர், பரவாயில்லை, இன்னொரு தடவை என்றார். நான் வாயைத் திறந்தேன், அன்றைக்கு என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. ஆனால் எனக்கு முன்னால் அக்கா பேசிவிட்டாள். வலது கையை இடது கையில் ஏந்திக்கொண்டு, அதிகாரியைப் பார்த்து, நன்றி இல்லாமல், ஐயா இல்லாமல் பேசினாள்.

"பிழியற மிஷின் ஓடலங்க. ரொம்ப நாளா ஓடல. கையால பிழிஞ்சு பிழிஞ்சு என் கை போயிடுச்சு."

சுவரிலிருந்து பேனர் சொட்டிக்கொண்டிருந்தது. அதிகாரி அவளுடைய மணிக்கட்டைப் பார்த்தார், மூலையில் தூசி துடைத்து நிற்கிற மிஷினைப் பார்த்தார். முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பிறகு அக்காவின் தோளில் கை வைக்கப் போய், வைக்காமல், இதமாகச் சொன்னார்.

"ஆயிடும்மா. கண்டிப்பா ஆயிடும்."

எங்கள் வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்து, உடனே அடக்கிக்கொண்டாள். அக்கா சிரிக்கவில்லை. இத்தனை வருஷமாகத் தான் எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்ததை யாரோ முதல் தடவையாகத் தன் கையிலேயே திருப்பிக் கொடுத்தது போல அந்தச் சொல்லை நின்று கேட்டாள். தலைவரை அவள் அப்போதும் நம்பினாள், இப்போதும் நம்புகிறாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம்பியதால்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன்.

"எப்போங்க?" என்றாள்.

அதிகாரி மேலிடத்தைப் பார்த்தார். மேலிடம் மேலே பார்த்தார். மேலே குழாய்தான் இருந்தது.

அக்காவின் காலடியில் துவைத்த விரிப்பு அழுக்குத் தரையில் கிடந்தது. எடுக்க நான் குனிந்தேன். அவள் காலால் அதன் ஓரத்தை மிதித்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, பதிலுக்காக அதிகாரியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.